பாகம் போகாத எண்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுபடும் தன்மையை நடத்தும்போது இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் ஓடிவிடும். பதினொன்றில்தான் வண்டி நிற்கும். இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்ட வேண்டும், விட்டுப்போனவற்றைத் தனியாகக் கூட்ட வேண்டும், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். பூச்சியமோ பதினொன்றோ வந்தால் அந்த எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு ஜன்னல் வழியே பசுமலைக் குன்றைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதற்காக நான் கோபப்பட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பேச்சிமுத்து சார் பிரம்பெடுக்காத வாத்தியார் என்றுதான் சொல்வார்கள்.

மேடம், இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும் நீங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். உங்கள் ஏட்டு சூர்யபிரகாஷ் நல்ல மனுஷர்தான். ஆனால் முதல் வரியிலேயே 'ஒப்புதள்' என்று எழுதிவிட்டார். இது எத்தனை பேர் கைக்குப் போகப் போகிற காகிதம், அதில் பிழை இருக்கக் கூடாது. கணக்கென்றாலே உங்களுக்குக் காய்ச்சல் வரும் என்று காலையில் சொன்னீர்கள். பயப்பட வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

எண் இதுதான்: 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. அது பெரிய விஷயமில்லை, அப்படி எத்தனையோ எண்கள் உண்டு. இதன் வலக்கோடியில் இருக்கும் மூன்றை அழித்துவிடுங்கள். 7393913. அதுவும் பகா எண். இன்னொரு மூன்றையும் அழியுங்கள். 739391. அதுவும் வகுபடாது. இப்படியே ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு வந்து கடைசியில் ஏழு மட்டும் நிற்கும் வரைக்கும் எந்த இடத்திலும் அதைப் பகுக்க முடியாது. நாம் எண்ணுகிற முறையில் இந்தக் குணம் உள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது. இதன் வலப்பக்கத்தில் புதிதாக எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் குணம் போய்விடும். ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் மூன்றால் வகுபடும். மூன்றும் ஒன்பதும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், ஆனால் அவையும் உடையும்.

எங்கள் அப்பா மலைச்சாமி திருவாதவூரில் அடுத்தவர் வயலில் உழைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அவருக்கும் முன்னால் அவருடைய அப்பா. வரப்பு வெட்டத் தெரியும். எந்த வரப்புக்குள்ளும் எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. அந்த வயல்களில் கால் வைக்கும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. பண்ணைக்காரரின் பிள்ளைகள் சென்னைப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றரை ஏக்கர் விலைக்கு வந்தது. அப்பா வாங்கினார். எங்கள் வம்சத்தில் பத்திரம் என்ற சொல்லைத் தன் பேரோடு சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பத்திரம் முடிந்த அன்று எங்கள் எல்லோரையும் வரப்பில் நிறுத்திவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினார். "நேத்து வரைக்கும் அவுக கழட்டச் சொன்னாக, கழட்டுனோம். இனிமே நம்மளாக் கழட்டுவோம். இது நம்ம மண்ணு," என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த வயலில் செருப்புக் காலோடு இறங்கியதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் மோட்டார் ரூம் கட்டி வெள்ளையடித்த அன்று அப்பாவுக்கு அந்த எண்ணைச் சொன்னேன். சும்மா பேச்சுவாக்கில்தான். பகா எண் என்றால் என்ன என்று கேட்டார். எத்தனை பேருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுக்க முடியாத எண் என்றேன். பகா என்ற சொல்லும் பாகம் என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்பதைத் தமிழாசிரியரைத்தான் கேட்க வேண்டும். அப்பாவின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன.

"பாகம் போகாத நம்பருங்கிற," என்றார். "எம்புட்டு உருவுனாலும் போகாதாப்பா?"

"போகாதுப்பா. வலப்பக்கமிருந்து உருவணும், அம்புட்டுத்தான்."

அவர் முதல் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டார். நீல பெயிண்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல மோட்டார் ரூம் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினார். எங்கள் வீட்டில் அப்போது எட்டுப் பேர். எண்ணிலும் எட்டு இலக்கம். அது அவருக்குப் பெரிய அதிசயமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த வரிசைப்படி ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தார். "ஏழு எனக்கு. மூணு ஒங்காத்தாளுக்கு. ஒம்போது பெரியவனுக்கு. மூணு செல்லக்கிளிக்கு. ஒம்போது சின்னானுக்கு. ஒண்ணு சித்தார்த்துக்கு. மூணு நாகஜோதிக்கு. கடேசி மூணு ஏம் பேத்திக்கு."

பெரியவன் நான். செல்லக்கிளி என் தங்கை, மேலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். "அவுகளுக்கு நம்பர் இல்லையாப்பா?" என்று சிணுங்கினாள். "மாப்பிள்ளைக்கு அவுக வீட்டு நம்பர் இருக்கும்ல. ஒன்னையக் கெட்டிக்குடுத்தாலும் நீ நம்ம நம்பர்தான்," என்றார். சின்னான் என் பெரிய தம்பி. கல்யாணம் வேண்டாமென்று வயலைக் கட்டிக்கொண்டவன். சித்தார்த் கடைக்குட்டி. எங்கள் பெயர்களைப் பார்த்தாலே அப்பா எந்தக் காலத்தில் குலசாமியைக் கும்பிட்டார், எந்தக் காலத்தில் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார் என்று சொல்லிவிடலாம். நாகஜோதி என் மனைவி. பேத்தி என்றது எங்கள் மகள் தமிழ்வாணியை.

ஊரில் அதை போன் நம்பர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்டிச்சாமி என்று ஒருவர் என்னை வழியில் மறித்து, "வாத்தியாரே, ரெண்டு நம்பர் விட்டுப்போச்சே. டிராக்டருக்குக் கூப்புட்டா போகமாட்டேங்குது," என்றார். அப்பா மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மகன் கண்டுபிடிச்ச நம்பரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்டுபிடித்ததில்லை. உலகத்துக்கே தெரிந்த எண். ஆனால் நான் திருத்தவில்லை. அப்பா என்னைப் பற்றிப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னது அந்த ஒரு விஷயத்துக்குத்தான் மேடம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அப்பா போனார். வயசுதான், வேறு ஒன்றுமில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாகம் போட்றாதடா பெரியவனே," என்றார். "போகாதுப்பா," என்றேன்.

அடுத்த தை மாதம் சித்தார்த்துக்குக் கல்யாணம். பெண் சுஷ்மா, மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள், அவன் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியிலேயே வேலை. அமைதியான பெண். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவள் ஒன்பதாவது. ஒன்பதாவதாக எது வந்தாலும் உடையும் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் ஐப்பசியில் சித்தார்த் வந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமென்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். வயலோரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றான். அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பிறகு என்னிடம் தனியாக வந்து அந்தச் சொல்லைச் சொன்னான்.

"அண்ணே, பாகம்னதும் பதறாதண்ணே. பேங்க்ல தனிப்பட்டா இருந்தாத்தான் லோன்ங்கிறான். பேப்பர்ல மட்டுந்தான். வரப்புக்கூட வைக்க மாட்டேன். சின்னாண்ணன் எப்பவும் போல உழுகட்டும்."

அவன் சொன்னது நியாயம். இன்றைக்கு யோசித்தாலும் நியாயம்தான். ஆனால் அவன் சொன்னதில் எனக்குக் கேட்டது பாகம் என்ற ஒரு சொல்தான். ஒருவனுக்குத் தனிப்பட்டா போட்டால் எல்லோருக்கும் போட்டாக வேண்டும். அம்மா, நாங்கள் நால்வர். ஒன்றரை ஏக்கர் ஆளுக்கு முப்பது சென்ட்டாகப் போய்விடும். முப்பது சென்ட்டுக்குப் பெயர் வயல் இல்லை, பிளாட். சுற்றிலும் அப்படித்தான் கல் நட்டுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. கொஞ்சம் பொறு, இரண்டு வருடம் பொறு என்று அவனிடம் கெஞ்சினேன். மூத்தவன் கெஞ்சுவதைப் பார்த்து அவனுக்குச் சங்கடமாக இருந்தது, சிரித்து மழுப்பினான். அழகர்கோவிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பின் கதவுக்கு முன்னால் நின்று, ஒரு வழி சொல் என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை பயந்து விலகிப் போனாள். கருப்பு ஒன்றும் சொல்லவில்லை. பைக்கில் திரும்பி வரும்போது அந்த எண்ணே சொன்னது. சேர்த்தால்தான் உடையும், எடுத்தால் உடையாது.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். சித்தார்த் ஒன்று. ஆறாவது இடத்தில் இருக்கிறான். நடுவில் கிடக்கும் இலக்கத்தைப் பிடுங்கக் கூடாது, கணக்கில் அதற்கு இடமில்லை. வலக்கோடியிலிருந்துதான் வர வேண்டும். அவனுக்கு வலப்பக்கம் இரண்டு மூன்றுகள் இருந்தன. நாகஜோதியும் தமிழ்வாணியும்.

தமிழ்வாணி கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் பத்ரி என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று கார்த்திகை மாதம் போனில் சொன்னாள். நான் அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன். தங்கமான பையன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆறிவிடப் போகிறதே என்று கவலைப்பட்டான். எனக்கு மறுக்க ஒரு காரணமும் இல்லை. கட்டிக்கொடுத்தாலும் அவள் எங்கள் நம்பர்தான் என்பது அப்பா போட்ட விதி. அதனால் கல்யாணம் மட்டும் போதாது, அறுத்துவிட வேண்டியிருந்தது. அவள் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்கு வராத கோபத்தை வரவழைத்துக்கொண்டேன். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத. நீ செத்துட்டன்னு நெனச்சுக்கிறேன்," என்றேன். முப்பது வருடம் பிரம்பெடுக்காத ஆள் அப்படிக் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு ஏன்ப்பா, ஏன்ப்பா என்று அழுதாள். ஏன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

நாகஜோதி கொஞ்ச நாள் மகளுக்குப் போன் போட்டு அழுதுகொண்டிருந்தாள். பிறகு, "மக மிதிக்காத வாசல்ல எனக்கென்ன வேல," என்று துணிகளை எடுத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டாள். போவாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "மாத்திரையை மறந்துறாதீக," என்றாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். மறுநாள் சர்வேயர் வருவதாக இருந்தது. சுஷ்மாவை மதுரையில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு சித்தார்த் மட்டும் வயலுக்கு வந்திருந்தான். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சேற்றில் நடந்து, வீடு எங்கே வரும், வாசல் எங்கே வரும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். "ஜன்னலத் தொறந்தா அப்பா நம்பர் தெரியணும்ணே. அதுக்குத்தான் இந்த மூலையக் கேக்குறேன்," என்றான்.

அதற்கு முந்தின நாள் நான் தனியாக வந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு சின்ன வேலை செய்து வைத்திருந்தேன். என்ன வேலை என்று உங்கள் ஆட்கள் எலக்ட்ரீசியனிடம் கேட்டுக்கொள்ளட்டும், வாத்தியார் கையால் அதை எழுத வேண்டாம்.

"சித்தார்த்து, மோட்டாரப் போட்டுட்டு வா. தண்ணி பாயட்டும்," என்றேன்.

"சரிண்ணே," என்று போனான்.

அவன் செருப்பு வரப்பில் கிடந்தது. என் செருப்பு என் காலில் இருந்தது. அப்பா அந்த வயலை வாங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவன் கத்தவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கவில்லையே என்றுதான் சின்னான் தெற்கு வரப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். நானும் ஓடினேன். எனக்கு முன்பே முடிவு தெரியும் என்றாலும் என் கால்கள் உண்மையாகத்தான் ஓடின. சித்தார்த்தை மடியில் போட்டுக்கொண்டு உண்மையாகத்தான் அழுதேன். தூக்கி வளர்த்த பிள்ளை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

விபத்து என்று முடிவானது. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். போன பொங்கலுக்கு அந்த வயரில் அணில் கடித்த இடத்தில் சின்னான் தானே டேப் சுற்றியிருந்தான். ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. அவன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "டேப்பு சுத்துனது நாந்தான்ணே. எந் தம்பிய நானே கொன்னுட்டேன்ணே," என்று சொல்லிச் சொல்லிப் புலம்பினான். இல்லைடா, உன் டேப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. ஒன்றுக்கு அடுத்து இடப்பக்கம் இருப்பது ஒன்பது, சின்னானின் ஒன்பது. நான் அதைப் பற்றி எதுவும் திட்டமிடவில்லை, அதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். "விதிடா," என்று மட்டும் சொன்னேன். பங்குனியில் அவன் தன்னைத் தானே முடித்துக்கொண்டான்.

அவன் கருமாதி முடிந்த அன்று செல்லக்கிளி வயலுக்குப் போக வேண்டும் என்றாள். அழைத்துக்கொண்டு போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றியவள், இறங்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, சித்தார்த் போன அன்னைக்குத் தூக்கிட்டு வந்தப்ப நீ மட்டும் செருப்புப் போட்டுருந்த."

"முள்ளு குத்தியிருந்துச்சு தாயி."

"எந்தக் கால்லண்ணே?"

என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது கால் என்றேன். அதற்குள் அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிவிட்டாள். எங்கள் பக்கம் மண்ணை அள்ளித் தூற்றினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். "நீயே வச்சுக்கண்ணே. எங் கையெழுத்து எங்க வேணுமோ வாங்கிக்க. ஆத்தாளுக்காக வாயப் பொத்திக்கிட்டுப் போறேன்," என்றாள். அந்த மண் என் சட்டை, கண், வாய் எல்லாவற்றிலும் விழுந்தது. அவள் மேலூருக்குப் போனவள் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய மூன்றும் போயிற்று.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நானும் நாகஜோதியும் குடியிருந்த பசுமலை வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவோடு இருக்கத் திருவாதவூருக்கே வந்துவிட்டேன். தினமும் அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். வயல் முழுசாகக் கிடந்தது. ஒரு கல் நடவில்லை, ஒரு கொடி கட்டவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலங்களில் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உழுவதற்குத்தான் ஆள் இல்லை. அம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை. சோறு வைக்கும்போது மட்டும் பழக்க தோஷத்தில் நாலு தட்டு எடுத்துவிட்டு, மறுபடியும் இரண்டை உள்ளே கொண்டுபோய் வைப்பாள்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. மோட்டார் ரூம் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. "அப்பன் நம்பரு உரிஞ்சுபோய்க் கெடக்காம். பெயிண்டு வாங்கி அடிப்பா," என்று அம்மா சொன்னாள். நேற்று ஒரு சின்ன டப்பா நீல பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு போனேன். இடக்கோடியில் காரை பெயர்ந்து ஏழு முழுசாக விழுந்துவிட்டிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

3939133.

டப்பாவைத் திறந்துகொண்டே வாய் தானாகக் கூட்டியது. வகுப்பில் ஆயிரம் முறை சொன்னதுதானே. ஒன்று விட்டு ஒன்றாக மூன்று, மூன்று, ஒன்று, மூன்று. பத்து. விட்டுப்போனவை ஒன்பது, ஒன்பது, மூன்று. இருபத்தொன்று. கழித்தால் பதினொன்று.

பதினொன்றால் வகுபடுகிறது மேடம். ஏழு போன அன்றே, அப்பா போன அன்றே, அது வகுபட ஆரம்பித்துவிட்டது. வலப்பக்கமிருந்து உருவினால் பாகம் போகாது என்று அப்பாவிடம் சொன்னவன் நான். முதலில் உருவப்பட்டது இடக்கோடி. அதற்குப் பிறகு அந்தக் குணம் அதில் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கிற பிழை. நான் இரண்டு வருடம் அதைப் பார்க்கவே இல்லை.

பிரஷைக் கீழே போட்டுவிட்டு ஒரு குச்சியால் சேற்றில் போட்டுப் பார்த்தேன். தமிழ்வாணியை எடுத்த பிறகு 393913. பதின்மூன்றால் போகிறது. நாகஜோதி போன பிறகு 39391. மறுபடியும் பதினொன்று. சித்தார்த்தை எடுத்த பிறகு 3939. மூன்றால் போகிறது. சின்னானுக்குப் பிறகு 393. அதுவும் மூன்றால். ஒன்றாவது நிற்கும் என்று பார்த்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. யாரை அனுப்பியதாலும் எதுவும் காப்பாற்றப்படவில்லை. அந்த வயலில் குப்புற விழுந்து சித்தார்த் பேரைச் சொல்லிக் கத்தினேன். செருப்பைக் கழற்றினேனா என்றுகூட நினைவில்லை. பக்கத்து வயலில் நாற்றுப் பிடுங்கிய பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அழுது முடித்த பிறகு மீதியைப் பார்த்தேன். நானும் அம்மாவும். முப்பத்தொன்பது. மூன்றாலும் போகிறது, பதின்மூன்றாலும் போகிறது. அதிலிருந்து வலக்கோடியில் உள்ளதை எடுத்தால் மிச்சம் மூன்று. அம்மா மட்டும். மூன்று பகா எண்.

வலக்கோடியில் இருந்த ஒன்பது நான். இன்று காலையில் உங்கள் ஸ்டேஷனுக்கு நானாக நடந்து வந்தது அதனால்தான். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. என் தம்பி சித்தார்த்தைக் கொன்றது நான். இன்னொரு தம்பி சின்னானைச் சாக விட்டதும் நான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. என் சுயபுத்தியோடு எழுதுகிறேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நீங்கள் ஒரு செய்தி சொன்னீர்கள். ஊருக்கு அனுப்பிய உங்கள் ஆள் போன் செய்தாராம். வீட்டில் அம்மா தனியாக இல்லையாம். சுஷ்மா மூன்று நாளாகப் பக்கத்தில் ஆண்டிச்சாமி வீட்டில் வந்து தங்கியிருந்து, நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மட்டும் அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தாளாம். கையில் ஒரு மாதக் குழந்தை. சித்தார்த் போனபோது அவள் உண்டாகியிருந்ததை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாளாம். நான் இங்கே வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டாளாம். என் தம்பி பிள்ளையை என் கண்ணில் படாமல் அம்மா ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு போகவில்லை.

அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். நீங்கள் அப்படியே சொன்னீர்கள்: "பெரியவன் சாப்பிட்டானான்னு கேளுங்க. வாசப்படிய மட்டும் மிதிக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் சாப்பிட்டேன். அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பிடும்போது மனசு சும்மா இருக்கவில்லை. சுஷ்மாவுக்கு இலக்கம் கொடுக்க அப்பா இல்லை. ஆனால் பிள்ளைக்கு அதன் அப்பனுடைய ஒன்று இருக்கிறது. அம்மா மூன்று, அதன் வலப்பக்கம் ஒன்று. முப்பத்தொன்று. மூன்றால் பார்த்தேன், ஐந்தால் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. எதனாலும் வகுபடாது. புதிதாக வந்த ஒன்றைச் சேர்த்தும் வகுபடவில்லை. வந்தவளை வாம்மா என்று சேர்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். நான் என்றைக்காவது திரும்பிப் போனால் கடைசியாகத்தான் போய்ச் சேருவேன், வலக்கோடியில். முந்நூற்றுப் பத்தொன்பது. மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு, ஒன்றைக் கழித்தால் பதினொன்று. அதனால், எனக்கு ஜாமீன் கேட்டு யாராவது வந்தால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் மேடம்.